ரொட்டி தின்ன வந்த தீவு

போன வருஷத்தைவிட மெலிந்திருக்கிறது, சரியான சாப்பாடு இல்லை போல, என்று பிரியோலாஞ்சா மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். அவள் நினைத்தது தீவைப் பற்றி. பரிசுத்த ஆவித் திருநாளன்று, மதியத்துக்குச் சற்று முன்னால் மூடுபனி இறங்கியதும், அது மேற்கிலிருந்து வந்து போன்டா நெக்ராவின் கரும்பாறைக்குக் கீழே வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றிருந்தது. தண்ணீர்த் தொட்டியில் கன்றுக்குட்டி முகம் வைப்பதுபோல் தன் முகப்பைப் பாறையோரமாக வைத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. அதாவது, முன்பெல்லாம் மரங்கள் மூடியிருந்த பாறை வரிகள் இப்போது வெளியே தெரிந்தன. இடுப்பில் ரொட்டிக் கூடையும் கையில் கறிச்சாற்றுப் பானையுமாகப் படியில் நின்றவளுக்கு, பின்னால் புதருக்குள் ஆட்கள் மூச்சுவிடுவது கேட்டது. கப்பித்தான் லோப்போ பர்ராதாஷ், அவருடைய எழுத்தர், அரச முத்திரை செதுக்கிய கல்தூணைச் சுமந்துவந்த கூலிகள், ஒரு கூண்டு நிறைய முயல்கள். எல்லோரும் அவள் ஒரு கேள்வி கேட்பதற்காகக் காத்திருந்தார்கள். அது என்ன கேள்வி, அதை ஏன் அவள்தான் கேட்க வேண்டும் என்று சொல்வதற்கு, தீவு முதன்முதலாக வந்த வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வருஷம் ஃபையால் தீவில் கோதுமை விலை ஏறியது, ஃபிளாண்டர்ஸுக்குப் போகும் நீலச்சாய உருண்டையின் விலை இறங்கியது, மேல்சரிவில் மேய்ந்துகொண்டிருந்த எருது ஒன்று பள்ளத்தில் விழுந்தது, தீவு வந்தது. போன்டா நெக்ரா ஃபையாலின் மேற்குக் கோடியிலிருக்கும் ஊர். அதற்கு அப்பால் கடல்தான், கடலுக்கு அப்பால் என்ன என்று யாருக்கும் தெரியாது. ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறைகளில் இறங்கிச் சாயப்பாசி சுரண்டினார்கள். பெண்கள் நீலச்செடியின் இலையை எருது இழுக்கும் கல்லில் அரைத்து, நாறும் பசையைப் பந்துபந்தாக உருட்டிக் காயவைத்தார்கள். அதனால் ஆண்களின் கை ஊதா, பெண்களின் கை நீலம். முதுகில் அறை வாங்கிய பிள்ளையை அடித்தது அப்பாவா அம்மாவா என்று சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிரியோலாஞ்சாவின் வலது கைச் சுண்டுவிரலை அவளுக்குப் பத்து வயதில் அந்த அரைகல் எடுத்துக்கொண்டது. மீதி விரல்களால் அவள் ஊரிலேயே உருண்டையான உருண்டை பிடித்தாள்.

திருநாள் வழக்கம் எல்லா ஊரிலும் இருப்பதுதான். ஊரில் ஒருவர் பெயரைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அன்று ஒருநாள் அவர் சக்கரவர்த்தி. ஈயக் கிரீடத்தைத் தலையில் வைத்துக் கோவிலுக்கு அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடுவார்கள். சக்கரவர்த்திக்கு அன்று ஒரே வேலை, சோறு போடுவது. கறியைப் பெரிய கொப்பரையில் வேகவைத்து, புதினா போட்ட சாற்றை ரொட்டித் துண்டுகள்மேல் ஊற்றி, வாசலுக்கு வருகிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். எல்லோரும் என்றால் எல்லோரும். தொழுநோயாளி, நாடு கடத்தப்பட்டவன், எஜமானிடமிருந்து ஓடிவந்தவன், கப்பல் உடைந்து கரையேறிய ஆப்பிரிக்க மூர்க்காரன். யாரிடமும் பெயரோ ஊரோ கேட்கக் கூடாது. ஒரு வருஷம் ஒருத்தி, சாற்றை ஊற்றிக்கொண்டே, வாஞ்சையில் தன்னை மறந்து, "உன் பேரென்ன ராசா?" என்று ஒரு பையனிடம் கேட்டுவிட்டாள். அப்படி ஒரு குரலைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்ததால் அவனும் சொல்லிவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆளுநரின் காவலன் வாயைத் துடைத்துக்கொண்டு கயிற்றோடு எழுந்தான். பெயரில்லாதவன்தான் விருந்தாளி, பெயர் உள்ளவனுக்கு எங்கேயோ ஒரு எஜமான் இருப்பான் என்பது சட்டம். அந்தப் பெண் அதற்குப் பிறகு தன் பிள்ளைகளைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை; "இந்தா", "அவனே" என்றே காலத்தை ஓட்டினாள். ஊரும் அன்றிலிருந்து கவனமாக இருந்தது.

தீவு வந்த வருஷம் சீட்டு மெந்தோவுக்கு விழுந்தது. மெந்தோ பிரியோலாஞ்சாவின் கணவன், கல்யாணமாகி இரண்டு வருஷம். சாயப்பாசி சுரண்டுவதில் கெட்டிக்காரன், பேச்சில் கஞ்சன். கயிற்றில் இறங்குமுன் இரண்டுமுறை சின்னதாக இருமி, தொண்டையைச் செருமிக்கொள்வான். அதுதான் அவன் ஜெபம் என்று அவள் கேலி செய்வாள். இருந்த ஒரே கன்றையும் அறுத்தார்கள். பந்தி பாதி முடிந்தபோது மூடுபனி இறங்கிற்று. பரிமாறிக்கொண்டிருந்த மெந்தோவுக்குக் கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டது: பாறைக்குக் கீழே ஏதோ பெரியதாக வந்து நிற்கும் முனகல், மரம் மரத்தோடு உரசும் ஓசை. அந்நியக் கப்பல் ஏதோ பனியில் வழிதவறி வந்திருக்கிறது, அதிலிருப்பவர்கள் மேலே வர வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தாள். அந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஒரு ரொட்டியையும் ஒரு சட்டி சாற்றையும் எடுத்துக்கொண்டு வழுக்கும் படிகளில் இறங்கினாள்.

"யாராயிருந்தாலும் சரி, எடுத்துக்குங்க. இன்னிக்கு யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்று பனியைப் பார்த்துச் சொன்னாள்.

இன்னும் ஒரு படி இறங்கினாள். கால் சறுக்கியபோது கப்பலின் பக்கவாட்டைப் பிடிப்பதாக நினைத்துக் கையை நீட்டினாள். பலகை இல்லை, பாறை. ஈரமாக, பாசியோடு, கன்றின் நெற்றிபோல் வெதுவெதுப்பாக இருந்தது. மேலே இலைகள் சொட்டின. ஒரு குருவி அவளுக்குத் தெரியாத ராகத்தில் கூவிற்று. ரொட்டியையும் சட்டியையும் படியடியில் ஒரு தட்டைக் கல்லில் வைத்துவிட்டு அவள் பின்வாங்கினாள். பனி விலகியபோது ரொட்டி இல்லை, சட்டி நக்கியதுபோல் சுத்தமாக இருந்தது, கடலும் வெறுமையாக இருந்தது. தான் சோறு போட்டது ஒரு தீவுக்கு என்று அவளுக்குப் புரிய அன்று மாலைவரை ஆயிற்று.

மெந்தோவிடம் சொன்னாள். மெந்தோ நம்பினான்; தேவைக்குமேல் நம்பினான். கயிற்றில் தொங்குகிறவர்களுக்குத் தெளிந்த சாயங்காலங்களில் மேற்கே ஒரு நிழல் தெரிவதுண்டு. கரையில் தடித்த மூங்கில் ஒதுங்கும், பெயர் தெரியாத மரத்தின் கொட்டைகள் ஒதுங்கும். அவன் பக்கத்து வீட்டில் சொன்னான், பக்கத்து வீடு துறைமுகத்தில் சொன்னது, துறைமுகம் லோப்போ பர்ராதாஷிடம் சொன்னது. பர்ராதாஷ் பெரிய குடும்பத்துக் கடைசிப் பிள்ளை. அண்ணன்மார் எடுத்ததுபோக அவருக்கு நிலம் மிஞ்சவில்லை. அவர் லிஸ்பனுக்குப் போய், இன்னும் கண்டுபிடிக்கப்படாத அந்தத் தீவுக்குத் தன்னை ஆளும் கப்பித்தானாக நியமிக்கும் பட்டயத்தை அரசரிடம் வாங்கிவந்தார். அந்த நாளில் இது அதிசயமில்லை. காணாத தீவுகளுக்குக் கப்பித்தான்கள் கடற்கரையெங்கும் இருந்தார்கள். பர்ராதாஷ் அதன் ஆறுகளில் ஆலை உரிமையைத் தம்பி முறையானவர்களுக்குக் கொடுத்தார். மகள் கல்யாணத்தில் தீவின் வடபாதியைச் சீதனமாக எழுதினார்; வடபாதியில் குளிர்காற்று அதிகம், தென்பாதிதான் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் வழக்குப் போட்டார்கள். வழக்கு தீரும் முன்பே மாப்பிள்ளைக்குத் தலை நரைத்துவிட்டது.

முதல் பயணத்துக்கு வழிகாட்டியாக மெந்தோ போனான். திரும்பி வந்தால் ஆற்றோரமாக ஒரு காணி என்று வாக்கு. கிளம்பும் நாள்வரை பிரியோலாஞ்சா கேட்டுக்கொண்டே இருந்தாள். எதுக்குப் போறீங்க, எப்போ வருவீங்க, எனக்காகப் போறீங்களா உங்களுக்காகப் போறீங்களா, இங்க என்ன குறைச்சல். கப்பல் ஏறுகிற அன்று மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் சிரித்தான்.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருக்கியே பிரியோ. தொண்டை வலிக்கலையா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அவள் தலைத்துணியின் நுனியை ஒருமுறை இழுத்துவிட்டுப் போனான். பிற்பாடு அந்த இழுப்பை அவள் எத்தனையோ விதமாக அர்த்தப்படுத்திப் பார்த்தாள்.

இலையுதிர் காலத்தில் கப்பல் வந்தது, அவன் வரவில்லை. மாலுமிகள் சொன்னது இது: நடுக்கடலில் மூடுபனி. பனிக்குள்ளிருந்து புதினா போட்ட கறிச்சாற்று வாசனை வந்தது. மெந்தோ சிறு படகில் இறங்கினான். படகைக் கப்பலோடு சேர்த்துக் கட்டிய கயிறு நீண்டுகொண்டே போய் நின்றது. பனி விலகியபோது கயிற்றை இழுத்தார்கள். வெறும் கயிறு வந்தது. அறுந்திருந்தால் சரி, வெட்டியிருந்தாலும் சரி. அது அவிழ்க்கப்பட்டிருந்தது. முடிச்சு போட்டவனே நிதானமாக அவிழ்த்தால் கயிற்றில் எப்படி ஒரு நெளிவு நிற்குமோ அந்த நெளிவு அதில் நின்றது. ஊர்க்காரர்கள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள், அவள் முகத்தைப் பார்த்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். கயிற்றைப் பர்ராதாஷ் வைத்துக்கொண்டார். ஒரு பெண்ணுக்குக் கணவன் செத்தால் தலையில் கறுப்புத் துணி, உயிரோடிருந்தால் வண்ணத் துணி. பிரியோலாஞ்சா நீலத்தில் ஊறவைத்த பழைய துணி ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அது தூரத்திலிருந்து கறுப்பாகவும் பக்கத்தில் நீலமாகவும் தெரிந்தது.

அடுத்த திருநாளில் தீவு மறுபடி வந்தது. ரொட்டியை எடுத்துக்கொண்டது. இந்தமுறை தட்டைக் கல்லில் ஒரு கட்டு சாயப்பாசியை வைத்துவிட்டுப் போனது. கட்டின்மேல் மெந்தோவின் முடிச்சு இருந்தது. அவள் அதை அவிழ்க்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு கட்டு வந்தது, அவள் வீட்டு உத்தரத்தில் வரிசையாகத் தொங்கிற்று. ஊதா நிறத்துக்கு நல்ல விலை இருந்த வருஷங்களில்கூட அவள் ஒன்றையும் விற்கவில்லை. ஒருமுறை, மூன்றாவது வருஷமோ என்னவோ, அவள் தீவின்மேல் ஒரு காலை வைக்கப் பார்த்தாள். அவள் கால் எவ்வளவு நீண்டதோ அவ்வளவு தூரம் அது பின்னால் நகர்ந்துகொண்டது, புதுக்கை பட்ட பசு மடியை இழுத்துக்கொள்வதுபோல. மெந்தோவை மட்டும் எப்படி ஏறவிட்டது என்று ஊருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. அவன் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

ஊர் பழகிக்கொண்டது; அது மறுபடி வருவதை மட்டும் யாரும் வெளியே சொல்லவில்லை. ஆட்டுக்குட்டி பிறக்கும் பருவம், பனிக்காலம், ககார்ரூக் கடற்பறவைகள் வந்து பாறை இடுக்குகளில் நாத்தனார் சண்டை போடும் மாதங்கள். அவற்றோடு தீவு வரும் நாளும் ஒன்று. அடுத்த வீட்டு ஃபிளாண்டர்ஸ்காரி கிரீத்துக்குத்தான் அதன்மேல் குறை.

"ஏண்டி பிரியோ, உன் விருந்தாளி வந்தா எங்க வீட்டுத் துணி காயமாட்டேங்குது. மலை மாதிரி நிழலப் போட்டுக்கிட்டு நிக்குது. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லேன்."

"விருந்தாளியப் போய்த் தள்ளி நில்லுன்னு சொல்லலாமாக்கா?"

"என் மாமியாரை நான் சொல்லலையா? நின்னாளே!"

இப்படிச் சொல்வாளே தவிர, ஒவ்வொரு வருஷமும் ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாலாடைக்கட்டி வைப்பாள் கிரீத். அந்தாவ் பாதிரியார் இரண்டு குளிர்காலம் யோசித்து, தீவுக்கு ரொட்டி கொடுக்கலாம், நற்கருணை கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தார். ஒரு வருஷம் அது பூத்துக் குலுங்கிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் ஊர் முழுக்கத் தும்மிற்று. இன்னொரு வருஷம் அதன் மேட்டில் மெல்லிய புகை தெரிந்தது. ஈரவிறகை அடியில் கொடுத்து எரித்தால் வரும் புகை. எத்தனை சொல்லியும் மெந்தோ ஈரவிறகைத்தான் அடியில் கொடுப்பான்.

அன்று வீட்டுக்கு வந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்து பிரியோலாஞ்சா வெகுநேரம் அழுதாள். உயிரோடிருக்கிறான் என்ற சந்தோஷத்தில் அழுவதாகத்தான் முதலில் நினைத்தாள். பிறகு, அழுகை நிற்காதபோது, தனக்குள்ளேயே கொஞ்சம் இறங்கிப் பார்த்தாள். அடியில் கயிறு கிடந்தது. அவனால் வர முடியவில்லையா, வர மனமில்லையா? இரண்டுக்கும் நடுவில் அவள் வாழ்க்கை கட்டப்பட்டிருந்தது, இரண்டு முளைக்கு நடுவில் காயப்போட்ட துணிபோல. சில நாள் ஒரு முளை பிடுங்கிக்கொள்ளாதா என்று இருக்கும். சில நாள், காற்று நன்றாக வீசும்போது, துணி கட்டியிருப்பதால்தானே அசைகிறது என்றும் தோன்றும்.

பர்ராதாஷ் தேடுவதை நிறுத்தவில்லை. நிலத்தை அடகு வைத்தார், மனைவியின் நகையை விற்றார், ஒவ்வொரு கோடையிலும் போனார். அரசர் கொடுத்த புனிதர் பெயரைச் சொல்லித் தீவை உரக்கக் கூப்பிட்டார். வேறு புனிதர்கள் பெயரையும் முயன்றார். எந்தப் பெயருக்கும் அது திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கோடையில் நங்கூரத்தை எறிந்து பிடிக்கப் பார்த்தார்கள். அடுத்த திருநாளுக்குத் தீவு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நொண்டிக்கொண்டு வந்தது. அதன் கரையில் ஒரு துண்டு பிய்ந்திருந்தது. பிரியோலாஞ்சா அன்று ரொட்டியோடு சூடான தவிட்டு ஒத்தடமும் கொண்டுபோனாள். பாறைக்கு ஒத்தடம் பிடிக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை, ஆனால் அது அசையாமல் நின்றது.

கடைசிப் பயணத்தில் பர்ராதாஷ் ஒரு சுவடு கண்டார். பனிக்குள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கரும்பாறை. அதில் நீலத்தில் ஒரு கைத்தடம். விரல்கள் நான்குதான் இருந்தன. மறுநிமிஷம் பனி மூடிவிட்டது. பழைய மாலுமி ஒருவன் அவருக்கு எடுத்துச் சொன்னான்: "பேர் இல்லாத தீவை வரைபடத்துல குத்த முடியாதுங்க கப்பித்தான். குத்தாத தீவு மிதந்துக்கிட்டேதான் இருக்கும். நம்ம வைக்கிற பேரு ஒட்டாது. அதுவா அதோட பேரச் சொல்லணும். அது யாரு கையில சாப்பிட்டிருக்கோ அவங்க கேட்டாத்தான் சொல்லும்."

பர்ராதாஷ் போன்டா நெக்ராவுக்கு வந்து கோவில் முற்றத்தில் பெண்களை வரிசையாக நிறுத்திக் கைகளைக் காட்டச் சொன்னார். நீலக் கைகளின் நீண்ட வரிசை.

"கப்பித்தான் கைரேகை பாக்க வந்திருக்காரு போல" என்றாள் கிரீத். "ஐயா, எனக்கு ரெண்டாங் கல்யாணம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. முதல் ஆளு வீட்டுலதான் இருக்கான், அது ஒண்ணும் தடையில்ல."

பெண்கள் சிரித்தார்கள். பிரியோலாஞ்சாவின் கை வந்ததும் பர்ராதாஷ் அப்படியே நின்றுவிட்டார். அவள் கையைப் பிடிக்கவில்லை, அதட்டவில்லை. குனிந்து அந்த நான்கு விரல்களையும் வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் வயதாகிவிட்டிருந்தது. தொப்பியைக் கழற்றியபோது தலையில் கொஞ்சமே மிச்சமிருந்தது தெரிந்தது.

அன்று மாலை அவர் தனியாக அவள் வீட்டுக்கு வந்தார். உத்தரத்தில் தொங்கிய பாசிக் கட்டுகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு மேலங்கிக்குள்ளிருந்து கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அத்தனை வருஷம் கழித்தும் நெளிவு அப்படியே இருந்தது.

"நான் உன்னை மிரட்ட வரலம்மா. எம்பொண்ணு என்னோட பேசறதில்ல. மாப்பிள்ளை என்னைப் பைத்தியக்காரன்ங்கிறான். எல்லாத்தையும் இதுலதான் போட்டேன். ஒரே ஒரு தடவை அதுமேல நிக்கணும், அவ்வளவுதான்."

அவள் அவருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

"உனக்கும்தானே வேணும்?" என்றார். "பேரு தெரிஞ்சா அது நின்னுடும். நின்னா உம்புருஷன் இறங்கித்தானே ஆகணும்? நீ அவனைக் கேக்கலாம். இந்தக் கயித்தைக் காட்டியே கேக்கலாம். கேக்க வேணாமா உனக்கு?"

அந்தக் கேள்வி சரியான இடத்தில் வந்து விழுந்தது. அவள் கயிற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "திருநாள் வரட்டுங்க ஐயா" என்று மட்டும் சொன்னாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார். சம்மதமா இல்லையா என்று அவளுக்கே அப்போது தெரியாது.

பிறகு அவர் கொண்டுவந்திருந்த முயல்களைப் பற்றி ஊரில் பேச்சு வந்தது. ஒரு தீவில் இறங்கியதும் முயல்களை அவிழ்த்துவிடுவார்கள், குடியேறுகிறவர்களுக்குக் கறி வேண்டுமே என்று. போர்த்தோ சாந்தோ தீவில் அவிழ்த்துவிட்ட முயல்கள் கோதுமையைத் தின்று, புல்லைத் தின்று, பட்டையைத் தின்று, மனிதர்களைக் கப்பலேற்றி அனுப்பின. மதேய்ராத் தீவில் காட்டை அழிக்க வைத்த தீ ஏழு வருஷம் எரிந்ததாகவும், வைத்தவர்களே கழுத்தளவு கடலில் நின்று தப்பியதாகவும் அந்தாவ் பாதிரியார் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லல" என்றும் சொன்னார்.

இப்படியாகத்தான் அந்தத் திருநாள் வந்தது. அவ்வருஷச் சக்கரவர்த்தி செருப்புத் தைப்பவன். கிரீடம் அவன் காதுவரை இறங்கியிருந்தது. கொப்பரை கொதித்தது. பனி இறங்கியது. தீவு வந்தது, மெலிந்து. பிரியோலாஞ்சா வழக்கத்துக்கு மாறாக இரண்டு ரொட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். புதருக்குள் கூண்டு சரசரத்தது. யாரோ "உஸ்" என்றார்கள்.

அவள் பானையை இறக்கி வைத்தாள். முதல் வருஷம் அவள் பாறையைப் பிடித்தபோது பதிந்த நீலக் கைத்தடம் அதே இடத்தில் இருந்தது. இளம்பெண்ணின் கை, விரல்கள் நேராக, உள்ளங்கை நிறைவாக. அதன்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். மூட்டுகள் வீங்கிய இந்தக் கை அதற்குள் சரியாகப் பொருந்தவில்லை. அங்கங்கே வெளியே வழிந்தது. பாறை வெதுவெதுப்பாகவே இருந்தது. அதன் உள்ளே எங்கோ தண்ணீர் ஓடுவது கையில் அதிர்ந்தது. பசியோடு இருக்கிற எதுவும் இப்படித்தான் அதிரும்.

அப்போது பனிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். சின்னதாக இரண்டு இருமல், பிறகு தொண்டையைச் செருமல்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம். பெரிதாகக் கூப்பிடக்கூட வேண்டாம், அடுப்படியிலிருந்து வாசலுக்குப் பேசுகிற குரல் போதும். அவள் நெஞ்சில் இத்தனை காலம் அடுக்கி வைத்திருந்த கேள்விகள் எல்லாம் ஒரேயடியாக எழுந்து நின்றன. நீங்களா அவிழ்த்தீங்க? குளிருக்கு என்ன போத்திக்கிறீங்க? முடி யாரு வெட்டிவிடறா? என்னை நினைச்சீங்களா? கடைசிக் கேள்வி முன்னால் வந்தபோது, அதன் பின்னால் ஒளிந்திருந்தது கேள்வியே இல்லை, ஒரு கயிறு என்பதை அவள் கண்டாள். அந்தக் கயிற்றைப் பர்ராதாஷ் மேசைமேல் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே அவள் முறுக்கி வைத்திருந்தாள். உத்தரத்தில் தொங்கும் கட்டுகள் நினைவுக்கு வந்தன. வருஷம் தவறாமல், சொல்லாமல் கொள்ளாமல், அதே முடிச்சோடு. பேச்சில் கஞ்சனான ஒருவன் இதைவிட அதிகமாக எதைச் சொல்லிவிடப் போகிறான்?

பர்ராதாஷால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. புதரிலிருந்து எழுந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்கும் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி அவள் பின்னால் வந்து நின்றார். தீவு பின்வாங்கவில்லை. எட்டிக் குதித்தால் கால் வைத்துவிடலாம் போலப் பக்கத்தில் அது நின்றது.

"கேளும்மா. ஒரே வார்த்தை. அதோட பேரு என்னன்னு கேளு."

அவள் திரும்பிப் பார்த்தாள். பனி அவர் தாடியில் சொட்டுச் சொட்டாக நின்றது. காரியம் கைகூட வேண்டும் என்று காலையிலிருந்து அவர் பட்டினி விரதம் இருந்ததைக் கிரீத் சொல்லியிருந்தாள். இந்த மனிதரும் ஒரு வாசலைத் தேடித்தான் இத்தனை வருஷம் கடலில் அலைந்திருக்கிறார் என்று பிரியோலாஞ்சாவுக்குத் தோன்றிற்று. முதல் ரொட்டியைத் தட்டைக் கல்லில் வைத்தாள். கிரீத்தின் பாலாடைக்கட்டியை அதன் பக்கத்தில் வைத்தாள். தன் தலைத்துணியை அவிழ்த்து, நான்காக மடித்து, அதையும் வைத்தாள். பனிக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது.

பிறகு கூடையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து, இரண்டாவது ரொட்டியைப் பிய்த்து அதில் போட்டு, சாற்றை ஊற்றி, பர்ராதாஷிடம் நீட்டினாள். புதினா வாசனை எழுந்தது. படியில் அவர் உட்கார இடம்விட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"கேளும்மா" என்றார் அவர் மறுபடி, கிண்ணத்தை வாங்கிக்கொண்டே.

"இன்னிக்கு யாரையும் எதுவும் கேக்கறதில்லைங்க" என்றாள் பிரியோலாஞ்சா. "ஆறிடப் போகுது. சாப்பிடுங்க."